இணையத்தளத்தின் நேரசூசியும் சம்பவத் திரட்டும்



கைபேசியில் நாம் பார்க்கும் ஒவ்வொரு இணையத்தளமும் எங்கோ ஓரிடத்தில் இராப்பகலாக இயங்கும் ஒரு கணினியில் இருக்கிறது. அந்தக் கணினியை வழங்கி என்போம். ஒரே வழங்கியில் பாடசாலை, கடை, சங்கம் என்று நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். அவற்றை ஒரு திரையில் வைத்து நிர்வகிக்க உதவும் மென்பொருளே கட்டுப்பாட்டுப் பலகம். 1996இல் தோன்றிய சீபெனல் இவற்றுள் பெயர் பெற்றது.

அமிர்தகழியில் சிறிய அலுவலகமொன்றில் இத்தகைய வழங்கிகளைப் பராமரிப்பதே எனது தொழில். "கம்பியூட்டர்ல என்ன வேலை மகள் செய்றீங்க?" என்று உம்மாமார் கேட்பதுண்டு. கோப்புகளை ஒழுங்காக வைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதை விளக்கப் பாடசாலையைவிட நல்ல உதாரணம் இல்லை.

இரண்டு வகைக் கோப்புகள்

அதிபரின் அலுவலகத்தில் நேரசூசி இருக்கிறது, சுற்றறிக்கைகள் இருக்கின்றன. இவை "இப்படி நடக்க வேண்டும்" என்று சொல்பவை. வரவு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் இருக்கின்றன. இவை "இப்படி நடந்தது" என்று சொல்பவை.

வழங்கியிலும் அவ்வாறே. முதல் வகை அமைவுக் கோப்புகள். இரண்டாம் வகை பதிவுக் கோப்புகள். லினக்ஸ் கணினிகளில் அமைவுக் கோப்புகளுக்கு 'ஈடிசி' என்ற கோப்புறையும், பதிவுகளுக்கு 'வார்' என்பதற்குள் 'லாக்' என்ற கோப்புறையும் ஒதுக்கப்பட்டுள்ளன. எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதற்கான பொது ஒழுங்கு 1994இலேயே எழுதப்பட்டுவிட்டது. கட்டுப்பாட்டுப் பலகம் தனக்கென்றும் சில இடங்களை வைத்திருக்கும். சீபெனலில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் அமைவுக் கோப்பு உண்டு. பலகத்தின் பதிவு, மின்னஞ்சல் பதிவு, ஒவ்வொரு தளத்துக்குமான வருகைப் பதிவு எல்லாம் தனித்தனியாக இருக்கும்.

அமைவுக் கோப்பில் கவனிக்க வேண்டியவை

சில அமைவுக் கோப்புகளைப் பலகமே எழுதுகிறது. வலை வழங்கியான அப்பாச்சியின் பிரதான அமைவுக் கோப்பு அப்படிப்பட்டது. அதில் நாம் கையால் மாற்றம் செய்தால், பலகம் அடுத்த முறை அதைப் புதிதாக எழுதும்போது நமது மாற்றம் மறைந்துவிடும். ஆகவே நமது மாற்றங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனிக் கோப்பிலேயே எழுத வேண்டும்.

மாற்றுவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து, அதன் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியைச் சேர்ப்பது நல்ல வழக்கம். அப்போது கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும். ஆனால் அந்தப் பிரதியைத் தளத்தின் பொதுக் கோப்புறைக்குள் விடக்கூடாது. பீஎச்பீ கோப்பொன்றின் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், வழங்கி அதை நிரலாக இயக்காமல், உள்ளே இருப்பதை அப்படியே வாசிக்கக் கொடுத்துவிடக் கூடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அதற்குள் இருந்தால் வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிட்டது போலாகும்.

பதிவு பெருகினால்

பாடசாலை ஒன்றின் தளம் ஒரு நாள் காலையில் திடீரென நின்றது. திரையில் 500 என்ற பிழை எண் மட்டும் தெரிந்தது. அனுமதிக்காகப் பெற்றோர் அனுப்பும் மின்னஞ்சல்களும் வரவில்லை. யாரோ தளத்தை உடைத்துவிட்டார்கள் என்றே அங்கு எல்லோரும் நினைத்தார்கள். நான் முதலில் வட்டில் இடமிருக்கிறதா என்று பார்த்தேன். துளியும் இல்லை. எந்தக் கோப்புறை பெரிது என்று தேடியபோது, பழைய செருகுநிரல் ஒன்று ஒரே எச்சரிக்கையை ஓயாமல் எழுதி எழுதிப் பிழைப் பதிவை வீங்கச் செய்திருந்தது தெரிந்தது. செருகுநிரலை நிறுத்தி, பதிவின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அழித்ததும் தளம் எழுந்தது. மின்னஞ்சல்களும் வந்து சேர்ந்தன. ஏற்க முடியாத கடிதத்தை அனுப்பிய வழங்கி உடனே கைவிடாது. வழக்கமாகச் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் சில பிள்ளைகளின் விண்ணப்பங்கள் திரும்பிப் போயிருக்கும்.

இதைத் தடுக்கவே பதிவுச் சுழற்சி என்ற ஏற்பாடு உண்டு. வாரம் ஒரு முறை பழைய பதிவை மூடி, புதிய கோப்பைத் திறந்து, நான்கு பழையவற்றை மட்டும் வைத்திருப்பது பல லினக்ஸ் வழங்கிகளின் வழமையான அமைவு. பொதுக் கோப்புறையில் தளமே எழுதும் பிழைப் பதிவு இதற்குள் அடங்காமல் போகலாம். அதை நாமே கவனிக்க வேண்டும்.

பதிவை வாசிக்கும்போது நேரத்தையும் கவனியுங்கள். பல வழங்கிகள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. பதிவில் 20.40 என்றிருந்தால், நமக்கு அது மறுநாள் அதிகாலை 2.10. இதை மறந்தால், யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்ற விசாரணையே தவறாகிவிடும்.

பிரதி வேறு இடத்தில்

2023இல் இலங்கை அரசின் முகில் கணினிச் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசுக்கே இந்த நிலை என்றால் நமது சிறிய தளங்கள் எம்மாத்திரம்? அமைவுக் கோப்புகளினதும் முக்கிய பதிவுகளினதும் பிரதி, அந்த வழங்கியோடு தொடர்பில்லாத வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

பெற்றோரே, இந்தத் தொழிலுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் தேவை. வீட்டில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரு கோவையில் பத்திரப்படுத்தும் உங்கள் மகளுக்கு அந்த ஒழுங்கு ஏற்கனவே இருக்கிறது. மாணவிகளே, பாடசாலைக் கணினியில் உங்கள் கோப்புகளுக்கு இன்றே திகதியிட்டுப் பெயர் வையுங்கள். இந்த வேலையின் முதற்பாடம் அதுதான்.