பிரேக் எங்கே தொடங்குகிறது?

ஓட்டுகிறவரின் கண்ணில் படாமலே எரிகிற விளக்கு பிரேக் லைட். முன்விளக்கு அணைந்தால் அந்த நிமிடமே வீதி இருண்டுவிடும். சிக்னல் பல்ப் ஒன்று போனால் டிக்டிக் சத்தத்தின் வேகம் மாறும். பிரேக் லைட் மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தாலும் ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தெரிய வேண்டியவர் பின்னால் வருகிறவர்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியில், மருதமுனை தாண்டி பெரியநீலாவணை வருகிறது. அதோடு அம்பாறை மாவட்டம் முடிந்து, அடுத்து கல்லாறு. அறுவடைக் காலத்து இரவுகளில் இந்த வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே நெல் மூட்டையோடு லேண்ட்மாஸ்டர் என்கிற இரு சக்கர உழவு இயந்திரங்கள் போகும். இயந்திரம் கம்பனியில் செய்தது. பின்னால் இழுபடுகிற பெட்டி பெரும்பாலும் உள்ளூர் வெல்டிங் கடையில் செய்தது. கோண இரும்பு, தகடு, பழைய அச்சு, இரண்டு டயர். அதைச் செய்கிறவரும், மேல்நாடுகளில் வீட்டுக் கராஜில் சொந்தமாகக் கார் கட்டுகிறவரும், பந்தயக் கார் செய்கிற பொறியியல் மாணவரும் கடைசியில் ஒரே கேள்வியிடம் வந்து நிற்கிறார்கள்: பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அதற்கான சுவிட்சை எங்கே வைப்பது?

மின்வேலையாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. பிரேக் பிடிப்பது எந்தக் கணத்தில் தொடங்குகிறது? கால் பெடலைத் தொடும்போதா, குழாயில் ஒயிலின் அழுத்தம் ஏறும்போதா, சக்கரம் இறுகும்போதா, வண்டி உண்மையில் வேகம் குறையும்போதா? ஒவ்வொரு சுவிட்சும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்கிறது.

கார்களில் அதிகம் காணப்படுவது பெடலுக்கு மேலே நிற்கிற சிறு சுவிட்ச். அதன் முனையில் ஒரு குச்சி. பெடல் ஓய்வாக இருக்கும்போது அந்தக் குச்சியை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். கால் வைத்ததும் பெடல் விலக, ஸ்பிரிங் குச்சியை வெளியே தள்ள, உள்ளே இரண்டு தகடுகள் தொட்டு மின்சாரம் ஓடும். அழுத்தினால் எரிகிற சுவிட்ச் அல்ல, விட்டால் எரிகிற சுவிட்ச். இந்தத் தலைகீழ் அமைப்பில் நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. நட்டு கழன்று சுவிட்ச் தள்ளிப்போனாலும், நடுவில் இருக்கும் ரப்பர் துண்டு உதிர்ந்து விழுந்தாலும், விளக்கு அணைந்துபோகாமல் விடாமல் எரியும். விடாமல் எரிகிற விளக்கை யாராவது பார்த்துச் சொல்வார்கள். எரியாத விளக்கைப் பற்றி யாரும் வந்து சொல்வதில்லை.

இந்தச் சுவிட்சைப் பொருத்துகிறவர் கவனிக்க வேண்டியது மில்லிமீற்றர் கணக்கு. பெடல் இறங்கத் தொடங்கும்போது கொஞ்சம் வெற்று அசைவு உண்டு. அந்த அசைவுக்குள்ளேயே விளக்கு எரிந்துவிட வேண்டும், பிரேக் கட்டை தொடுவதற்கு முன்பே. அதனால் சுவிட்சைக் கொஞ்சம் முன்னே திருகத் தோன்றும். அதிகம் திருகினால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். சுவிட்சின் உடம்பே பெடலைத் தடுத்து, முழுதாக மேலே வர விடாது. ஒயிலைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு நுண்ணிய துளை இருக்கிறது. கால் எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் அந்தத் துளை திறக்கும். குழாயில் மிஞ்சிய ஒயில் தொட்டிக்குத் திரும்பும். பெடல் ஒரு இம்மி கீழே நின்றாலும் துளை மூடியே கிடக்கும். ஓட ஓட பிரேக் சூடாகும், ஒயில் விரியும், போக வழியில்லாததால் அழுத்தம் ஏறும், கட்டை இன்னும் உரசும், சூடு இன்னும் ஏறும். சில கிலோமீற்றரில் வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தில் கை வைக்க முடியாது. ஒரு விளக்குச் சுவிட்ச் அரைச் சுற்று அதிகம் திருகப்பட்டதால் இவ்வளவும் நடக்கும். அதனால் சுவிட்சை இறுக்கிய பிறகு பெடலை விரலால் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். பெடல் தன்னுடைய சொந்தத் தடுப்பில் முட்டி நிற்க வேண்டும், சுவிட்சில் அல்ல.

மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கில் வேறு வகை. பெடலிலிருந்து ஒரு மெல்லிய ஸ்பிரிங் மேலே போய்ச் சுவிட்சின் குச்சியை இழுக்கும். விலை குறைவு, கையாலேயே சரிசெய்யலாம். கம்பியால் பிரேக் இழுக்கிற லேண்ட்மாஸ்டர் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அங்கே ஒயிலே கிடையாது, அழுத்தத்தை அளக்கவும் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் நடுவில் இருப்பதற்குக் காரணம் உண்டு: பெடல் நெடுந்தூரம் போகும், சுவிட்சுக்குள் அசைவு சில மில்லிமீற்றர்தான். மிச்சத் தூரத்தை ஸ்பிரிங் நீண்டு வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் அறுந்த இடத்தில் நேராகக் கம்பியைக் கட்டினால் ஒரே ஒரு பலமான மிதியில் சுவிட்ச் இழுபட்டுப் போய்விடும்.

மூன்றாவது, ஒயில் குழாயிலேயே திருகிவிடுகிற பித்தளை அழுத்தச் சுவிட்ச். சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களுக்கு இதன்மேல் ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. பெடலுக்குப் பக்கத்தில் தாங்கி செய்ய வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம். குழாய் பிரிகிற இடத்தில் திருகினால் வேலை முடிந்தது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. அழுத்தம் அதைத் தள்ள, தகடுகள் தொடும். ஆனால் சவ்வு அசைய பொதுவாகச் சில பார் அழுத்தம் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெடலின் நெம்பு விகிதம் 5, மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 19 மில்லிமீற்றர் என்று வையுங்கள். கால் 100 நியூட்டன் விசையில் மிதித்தால், அதாவது பத்துக் கிலோ எடை வைத்ததுபோல் மிதித்தால், குழாயில் ஏறத்தாழ 17.6 பார் ஏறும். சுவிட்ச் உடனே மூடும். ஆனால் முன்னால் ஒரு மாடு குறுக்கே வரலாம் என்று காலை 20 நியூட்டனில் மெதுவாக வைத்தால் 3.5 பார்தான், அதிலும் ஸ்பிரிங்குகள் தின்றது போக இன்னும் குறைவு. வண்டி வேகம் குறையத் தொடங்கும், விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு முன்னறிவிப்பு அதிகம் தேவைப்படுவது இந்த மென்மையான பிரேக்கில்தான். இரண்டு தனித்தனிக் குழாய்ப் பாதைகள் உள்ள வண்டியில், சுவிட்ச் இருக்கிற பாதை ஒழுகிப்போனால் மற்றப் பாதை வண்டியை நிறுத்தும், விளக்கு மட்டும் வராது. என் தெரிவு பெடல் சுவிட்ச்தான். தாங்கி செய்யும் சிரமம் ஒரு பகல் வேலை.

கம்பியில் ஓடுகிற மின்சாரத்துக்கும் தனிக் குணங்கள் உண்டு. 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் ஒன்று 1.75 அம்பியர் எடுக்கும், இரண்டுக்கு 3.5. ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை சூடானபோது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு மிதியிலும் முதல் கணத்தில் பத்து மடங்கு மின்சாரம் பாய்ந்து, சுவிட்சின் தகடுகளுக்கிடையே சின்னப் பொறி விழும். பல்லாயிரம் மிதிகளில் தகடு கருகும். ரிலே ஒன்றை நடுவில் வைத்தால் சுவிட்ச் சிறு மின்சாரத்தை மட்டும் தூக்கினால் போதும். எல்.ஈ.டி விளக்கு போட்டால் இந்தப் பாரம் தானாகவே குறையும். கூடவே இன்னொரு லாபம். இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 செக்கன் எடுக்கும், எல்.ஈ.டிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற பஸ் அந்த 0.2 செக்கனில் 3 மீற்றருக்கும் மேல் கடந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் சுவிட்சைவிட அடிக்கடி சாவது எர்த். பெட்டியின் இரும்பையே திரும்பும் கம்பியாக நம்பி, விளக்கின் கீழ் ஒரு போல்ட்டில் எர்த்தைக் கட்டியிருப்பார்கள். உப்புக் காற்றில் அந்த போல்ட்டைச் சுற்றித் துரு மலரும். மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி, அதே விளக்குக்குள் இருக்கிற மற்ற இழையின் வழியாகவும் பக்கத்துச் சிக்னல் பல்பின் வழியாகவும் போகத் தொடங்கும். பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்கும், சிக்னல் பல்ப் அரைகுறையாக எரியும். சுவிட்சை மாற்றுவார்கள், பல்பை மாற்றுவார்கள், குறை அப்படியே இருக்கும். விளக்கிலிருந்து பெட்டரி வரைக்கும் தனியாக ஒரு எர்த் கம்பி இழுத்தால் தீர்ந்தது. பெட்டரியே இல்லாமல், சுழல்சக்கரத்துக்குள் இருக்கிற டைனமோவில் விளக்கெரிக்கும் இயந்திரங்களில் குறை இன்னும் ஆழமானது. பிரேக் பிடிக்கும்போது வேகத்தைக் குறைக்கிறோம். டைனமோவும் மெதுவாகச் சுற்றும். வெளிச்சம் தேவைப்படும் கணத்திலேயே வெளிச்சம் குறையும். அப்படிப்பட்ட பெட்டிக்கு ஒரு சின்ன பெட்டரி ஆடம்பரம் அல்ல.

இவ்வளவு பாடுபட்டு எரியவைக்கிற விளக்கு உயிரைக் காக்குமா என்பதை 1974இல் ஜோன் வோயெவோட்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் அளந்து பார்த்தார். சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்கண்ணாடிக்குக் கீழே, கண் மட்டத்துக்கு அருகில், கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்தினார். பத்து மாதத்தில், விளக்கில்லாத டாக்சிகளைவிட அவற்றின் பின்பக்கத்தில் மோதியவை 60.6 வீதம் குறைந்திருந்தன. 1986ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் மூன்றாவது விளக்கு கட்டாயமானது. எல்லாக் காரிலும் வந்து கண் பழகிய பிறகு, 1998இல் வெளியான அரச மதிப்பீடு நீண்டகாலப் பலனை 4.3 வீதம் என்றே கண்டது. கண் புதுமைக்கு அதிகம் அசைகிறது. ஆனாலும் கோடிக்கணக்கான கார்கள் ஓடுகிற நாட்டில் அந்த 4.3 வீதத்துக்குள் எத்தனையோ உயிர்கள். சுவிட்ச் பழுதானால் அந்தப் பலனும் இல்லை. 2013 ஏப்ரலில் ஹியுண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் மட்டும் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. காரணம், பெடலுக்கு மேல் இருக்கும் இதே சின்னச் சுவிட்ச்.

சொந்தமாகக் கார் கட்டுவதில் தமிழ் மண்ணில் பெயர் சொல்லக்கூடிய ஊர் கோயம்புத்தூர். மாருதி 800 காரின் இயந்திரத்தை வைத்து அங்கே பந்தயக் கார்கள் செய்தவர் எஸ். கரிவரதன், 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில்தான் ஃபோர்முலா பாரத் போட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வரைந்து, தாங்களே வெல்டிங் செய்த கார்களைக் கொண்டுவருவார்கள். வேகத்தைக் காட்டுவதற்கு முன் பரிசோதனை. நான்கு சக்கரமும் ஒன்றாக இறுகுகிறதா, பிரேக் விளக்கு கடும் வெயிலிலும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பெடலுக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு சுவிட்சும் கட்டாயம். ஒயில் ஒழுகி, பெடல் எதிர்ப்பின்றி அளவுக்கு மீறி இறங்கினால், அது இந்தச் சுவிட்சில் முட்டி இயந்திரத்தையே நிறுத்தும். ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்து அதை மறுபடி போட முடியாது; இறங்கியாக வேண்டும். ஒரே பெடலின் பயணத்தில் ஒரு சுவிட்ச் தொடக்கத்தையும் மற்றது எல்லையையும் காவல் காக்கிறது.

மின்சார வண்டிகள் பழைய கேள்வியை மறுபடி திறந்துவிட்டன. அக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கால் பிரேக்கைத் தொடவே இல்லை, வேகமோ குறைகிறது. கார்களுக்கான ஐ.நா. விதி இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது: ஒவ்வொரு செக்கனும் குறைகிற வேகம் செக்கனுக்கு 0.7 மீற்றருக்குள் இருந்தால் விளக்கு எரியக்கூடாது, 1.3 மீற்றரைத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். நடுவில் செய்கிறவரின் விருப்பம். சும்மா சும்மா எரிகிற விளக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால்தான் கீழ் எல்லை. பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்றுகிற கராஜில் பெடல் சுவிட்ச் மட்டும் போதாது என்று இதற்கு அர்த்தம். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டியிலிருந்து இன்னொரு கம்பியும் அதே ரிலேக்கு வர வேண்டும், இரண்டில் எது பேசினாலும் விளக்கு எரியும்படி. கம்பிகளைப் பூட்டிய பிறகு ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் போய், அக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் என்ன நடக்கிறது என்று பார்த்து வர வேண்டும். முன்னால் இருப்பவரால் அதைப் பார்க்கவே முடியாது.