100 டன் பாரந்தூக்கி 10 டன்னில் ஏன் சாய்கிறது?

கட்டுமானத் தளத்தில் பெரிய பாரந்தூக்கி வேலை செய்தால், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்கூட ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பதுண்டு. “இது எத்தனை டன் தூக்கும்?” என்பதுதான் பலரது முதல் கேள்வி. கேள்வி எளிது. ஆனால் அதற்கு ஒரே பதில் கிடையாது.

நகரும் பாரந்தூக்கி ஒன்றை 100 டன் வகை என்கிறார்கள் என்றால், அது எல்லா நேரமும் 100 டன்னைத் தூக்கும் என்று பொருளல்ல. சுமை இயந்திரத்துக்கு மிக அருகில், சுமார் 3 மீட்டர் தூரத்தில் இருக்கும்போதுதான் அந்த அளவு. அதே சுமையை 40 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்றால், அதனால் தாங்க முடிவது ஒரு சில டன் மட்டுமே.

விளையாட்டுத் திடலில் உள்ள சீசா பலகையை நினைத்துப் பாருங்கள். நடுப்பகுதிக்கு அருகில் அப்பா உட்கார்ந்தால், மறுமுனையில் இருக்கும் சிறு பிள்ளையே அவரை மேலே தூக்கிவிடும். எடையைப் போலவே தூரமும் கணக்கில் சேர்கிறது. பாரந்தூக்கியின் பின்புறம் எதிர்ப் பளுவாக இரும்புப் பாளங்களை அடுக்குவது இதனால்தான்.

தரையைப் பார்க்கவேண்டும்

சக்கரத்தில் ஓடும் பாரந்தூக்கி, வேலை தொடங்குமுன் நான்கு கால்களைப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றிக்கொள்ளும். சுமை நான்கு கால்களிலும் சமமாக இறங்குவதில்லை. தூக்குக் கரம் எந்தக் காலுக்கு மேல் திரும்புகிறதோ, அந்தக் காலே பெரும்பங்கைத் தாங்குகிறது. சிங்கப்பூரின் மரினா வட்டாரம் போல, கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தின் அடியில் மென்மையான களிமண் உண்டு. அங்கே தடித்த இரும்புத் தகடுகளைப் பரப்பி, பளுவைப் பரவலாக இறக்காவிட்டால் கால் புதையும். கால் புதைந்தால் கரம் சாயும்; சுமை இன்னும் தள்ளிப் போகும்; சாய்வு மேலும் கூடும்.

காற்று செய்த வேலை

1999ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், அப்போது மில்லர் பார்க் எனப்பட்ட பேஸ்பால் அரங்கத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. ‘பிக் புளூ’ என்று அழைக்கப்பட்ட, 170 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பாரந்தூக்கி, 400 டன்னுக்கு மேற்பட்ட கூரைப் பகுதியைத் தூக்கியது. அன்று காற்று பலமாக வீசியது. பாரந்தூக்கி முறிந்து விழுந்து, அருகில் வேறொரு பாரந்தூக்கியில் தொங்கிய கூண்டில் இருந்த இரும்பு வேலையாட்கள் மூவரின் உயிரைப் பறித்தது. அரங்கத்தின் திறப்பு ஓராண்டு தள்ளிப்போய், 2001இல்தான் நடந்தது.

கூரையின் எடை தெரிந்திருந்தது. ஆனால் அந்த அகன்ற கூரை, பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும் என்பது கணக்கில் சரிவரச் சேர்க்கப்படவில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் தள்ளு விசை நான்கு மடங்காகும்.

யார் நிறுத்துவது?

இன்றைய பாரந்தூக்கிகளில் கணினி இருக்கிறது. சுமையின் எடையையும் தூரத்தையும் அளந்து, எல்லை மீறினால் அது எச்சரிக்கும். ஆனால் இரும்புத் தகட்டுக்கு அடியில் பழைய கால்வாய் ஒன்று புதைந்திருப்பது அதற்குத் தெரியாது. தொங்கும் சுமை எவ்வளவு அகலம் என்பதும் தெரியாது. அதைப் பார்க்க மனிதர்கள்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகள், தூக்கும் பணிக்கு எழுத்துபூர்வமான திட்டத்தைக் கட்டாயமாக்கின. ஓட்டுநர், மேற்பார்வையாளர், சுமையைக் கட்டும் ரிக்கர், சைகை காட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் பொறுப்பு வகுக்கப்பட்டுள்ளது. ரிக்கர்களிலும் சைகை காட்டுபவர்களிலும் தமிழகத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள் பலர் உண்டு.

சைகை காட்டுபவர் ஒருவரே என்றாலும், “நிறுத்து” என்ற சைகையை மட்டும் தளத்தில் யார் காட்டினாலும் ஓட்டுநர் கட்டுப்படவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அந்த உரிமை உண்டு. வேலை தாமதமாகிறதே என்று முதலாளி முகம் சுளிப்பார் எனப் பயந்து, உயர்த்தவேண்டிய கையை யாரும் கீழே போட்டுவிடக்கூடாது. தாமதமான வேலையைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். மில்வாக்கியில் வேலைக்குப் போன அந்த மூவர் வீடு திரும்பவில்லை.