வடிவமைப்பு: வீண் செலவா, சேமிப்பா?

வடிவமைப்பு என்பது பொருளொன்றை அழகுபடுத்துவது மட்டுமன்று. பயன்படுத்துவோரின் தேவை, இடத்தின் தன்மை, கையிலுள்ள பணம் ஆகியவற்றை முன்கூட்டியே ஆராய்ந்து திட்டமிடுவதே வடிவமைப்பு ஆகும்.

அரச ஊழியர்களுக்காக 1950களில் கண்டியில் அமைக்கப்பட்ட வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். இதனை வடிவமைத்தவர் கண்டியிற் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா (1918–1998). ஒரே வரைபடத்தை எல்லோருக்கும் கொடுப்பது இலகுவாக இருந்திருக்கும். அவரோ குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து மூலம் தேவைகளைக் கேட்டறிந்து, அவற்றுக்கேற்பப் பல வகை வீடுகளை வரைந்தார். மலைச்சரிவுக்கு இசைவாக அவற்றை அமைத்தார்.

கெலிஓயாவைச் சூழவுள்ள மேட்டு நிலங்களில் வீடு கட்டுவோருக்கும் இது பொருந்தும். சமதரை வீடொன்றின் வரைபடத்தைப் பிரதிசெய்தால் வரைபடக் கட்டணம் மிஞ்சும். ஆனால் பின்வரும் பாதிப்புகள் ஏற்படலாம்.

1. சமதரை பெறுவதற்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டுவதால் மண்சரிவு அபாயம் கூடும்.
2. மழைநீர் வடிந்தோட வழியின்றி அத்திவாரத்து மண் அரிக்கப்படும், சுவர்கள் வெடிக்கும்.
3. பின்னர் தாங்குசுவர் கட்டுவதற்கும் திருத்த வேலைகளுக்கும் ஆகும் செலவு, மிஞ்சிய பணத்தை விழுங்கிவிடும்.

இவற்றுள் முதலாவது உயிரோடு தொடர்புடையது. ஆகவேதான் கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் அமைக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறப்படல் வேண்டும்.

எனவே, மலிவான வடிவமைப்பு வேறு. குறைந்த செலவில் அமையும் நல்ல வடிவமைப்பு வேறு. பணம் குறைந்தவருக்கே நல்ல வடிவமைப்பு அதிகம் தேவை. ஏனெனில் அவரால் இரண்டு முறை கட்ட முடியாது.

பயிற்சி: உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ வடிவமைப்புக் குறைபாடு ஒன்றை இனங்கண்டு, அதனை நிவர்த்திக்கும் வழிகள் இரண்டினைத் தருக.