பெட்டி தாங்குமா?
அமெச்சூர் ரேடியோவில் ஒரு ‘வாட்’ கணக்கு

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. அந்தமான் தீவுகளைச் சுனாமி அலை தாக்கியது. டெலிபோன்கள் ஊமையாயின. அங்கே இருந்த உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் பலர் தவித்தார்கள்.

அப்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி இருந்தார். அவர் ஒரு அமெச்சூர் ரேடியோக்காரர். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அங்கே போயிருந்தார். உலகில் உள்ள மற்ற அமெச்சூர்களுடன் பேசுவதற்காகப் போன குழு அது. சுனாமி வந்ததும், தீவுச் செய்திகளை வெளியே அனுப்பும் வேலையில் அவர்கள் இறங்கினார்கள்.

டெலிபோன் பேசாத இடத்தில் ரேடியோ பேசியது!

யார் இந்த அமெச்சூர்கள்? பணத்துக்காக அல்ல, ஆசைக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள். பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்சு பெற்றவர்கள். புயல், வெள்ளம் வந்தால் இவர்களுடைய கருவி ஊருக்கு உதவும்.

ஆனால் அவசர நேரத்தில் அளவு பார்த்து ஏரியல் கட்ட முடியுமா? கிடைத்த கம்பியை மரத்தில் கட்டவேண்டியதுதான். அப்போது கை கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதன் பெயர் தானியங்கி ஏரியல் டியூனர். அந்தப் பெட்டிக்கும் ஒரு எல்லை இருக்கிறது.

பொருத்தம் பார்க்கும் தரகர்

பேச்சை வானில் அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்மிட்டர் என்று பெயர். அமெச்சூர்கள் மேஜைமீது வைத்திருக்கும் கருவி பெரும்பாலும் 100 வாட் சக்தி தரும்.

மின்சாரத்தை ஏரியல் எதிர்க்கும் அளவைத் தடை என்பார்கள். அதை ‘ஓம்’ கணக்கில் சொல்வார்கள். டிரான்ஸ்மிட்டருக்குப் பிடித்த தடை 50 ஓம். ஏரியலின் தடை வேறாக இருந்தால், அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு, சுவரில் எறிந்த பந்துபோல் திரும்பி வரும். அது டிரான்ஸ்மிட்டருக்கு ஆபத்து.

இங்கேதான் டியூனர் தரகு வேலை பார்க்கிறது. அதற்குள் கம்பிச் சுருள்கள், கண்டென்சர்கள், ரிலே எனப்படும் சின்ன சுவிட்சுகள் இருக்கின்றன. திரும்பி வரும் சக்தியை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அளக்கிறது. ரிலேக்கள் ‘டக், டக்’ என்று மாறி மாறி அடிக்கின்றன. சில வினாடிகளில் பொருத்தம் கிடைத்துவிடும்.

ஒரே 100 வாட், இரு தொல்லை

பெட்டியின்மீது ‘100 வாட்’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் எந்தக் கம்பியிலும் 100 வாட் அனுப்பலாமா?

கூடாது!

50 ஓம் ஏரியலில் 100 வாட் சென்றால், மின்னோட்டம் சுமார் 1.4 ஆம்பியர். மின்னழுத்தம் சுமார் 70 வோல்ட். இது சுலபமான வேலை.

ஏரியல் மிகக் குட்டையாக இருந்தால் தடை 5 ஓம்கூட இருக்கலாம். அதே 100 வாட்டுக்கு மின்னோட்டம் சுமார் 4.5 ஆம்பியர் ஆகிவிடும். ஒரே கம்பிச் சுருளில் சூடு 10 மடங்கு ஏறும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அலையின் நீளத்தில் பாதி நீளமுள்ள கம்பியை நுனியில் இணைத்தால், தடை ஆயிரக்கணக்கான ஓம் ஆகும். 5,000 ஓம் என்றால் மின்னழுத்தம் சுமார் 700 வோல்ட்! கண்டென்சரிலோ ரிலேயிலோ தீப்பொறி பறக்கலாம்.

வாட் ஒன்றுதான். பெட்டி தாங்கும் சுமை ஏரியலைப் பொறுத்து மாறுகிறது. ரேடியோவுக்குள்ளேயே அமைந்த டியூனர்கள் பல, சுமார் 17 ஓம் முதல் 150 ஓம் வரைதான் சமாளிக்கும்.

பேச்சுக்கு ஓய்வு உண்டு

மனிதன் பேசும்போது குரல் ஏறி இறங்கும். நடுவே மூச்சு விடுவான். அந்த இடைவெளியில் பெட்டியும் ஆறும்.

கம்ப்யூட்டர் மூலம் செய்தி அனுப்பும் முறைகளில் அந்த ஓய்வு குறைவு. 2017-ம் ஆண்டு வந்த எப்.டி.8 முறையை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் டெய்லர். இதில் 15 வினாடித் தவணையில் ஏறத்தாழ 13 வினாடி ஒரே மூச்சாகச் சக்தி பாயும். அதனால்தான் பேச்சுக்கு 125 வாட் தாங்கும் சிறு டியூனர், இந்த முறைக்கு 30 வாட் மட்டுமே தாங்கும் என்று எழுதி விற்கப்படுவதும் உண்டு.

முதலில் குறைந்த சக்தி

ரிலேக்கள் மாறும்போது முழுச் சக்தியும் பாய்ந்தால் அவற்றின் முனைகள் கருகும். ஆகவே பொருத்தம் தேடும்போது 10 வாட் அளவில் அனுப்புவது நல்லது. எத்தனை வாட் என்று டியூனருடன் வரும் புத்தகத்தில் இருக்கும். பொருத்தம் கிடைத்த பிறகு சக்தியைக் கூட்டலாம்.

அமெரிக்காவில் அமெச்சூர்களுக்குச் சட்டம் 1,500 வாட் வரை இடம் கொடுக்கிறது. அவ்வளவு சக்திக்குச் சின்னப் பெட்டி உதவாது. தடித்த கம்பிச் சுருளும், தகடுகளுக்கு நடுவே அதிக இடைவெளி உள்ள கண்டென்சரும் வேண்டும். பெட்டி பெரிதாகும், விலையும் ஏறும்.

பாதி போனால் நஷ்டமா?

பேசிக்கொண்டிருக்கும்போதே பொருத்தம் மெல்ல மாறுகிறதா? பெட்டி சுடுகிறதா? கருகல் வாசனை வருகிறதா? உடனே நிறுத்தவேண்டும். பிறகு சக்தியைக் குறைத்துப் பேசவேண்டும்.

சக்தியைக் குறைத்தால் குரல் எட்டாதே என்று பயப்படவேண்டாம். 100 வாட்டை 50 வாட்டாகக் குறைத்தால், கேட்பவரின் மீட்டரில் அரைப் புள்ளிதான் இறங்கும். பல சமயம் அவருடைய காதுக்கு வித்தியாசமே தெரியாது.

புயல் இரவில் 50 வாட்டில் பேசும் ரேடியோ விடியும் வரை பேசும். 100 வாட்டுக்கு ஆசைப்பட்டுப் பெட்டியைக் கருக்கியவர், அக்கம்பக்கத்தார் செய்திக்காகக் காத்து நிற்க, கையைப் பிசைந்துகொண்டு உட்காரவேண்டியதுதான்!