‘சாதாரணக் கட்டிதான்’ என்றால் என்ன பொருள்?

மூளையில் கட்டி இருப்பதாக அறிந்ததும் குடும்பத்தினர் முதலில் கேட்பது, “அது புற்றுநோயா?” என்பதே. இக்கேள்வி முக்கியமானது. ஆயினும் அதன் விடையில் மட்டும் எல்லாம் அடங்கிவிடுவதில்லை.

புற்றுநோயல்லாத கட்டி பொதுவாக மெதுவாக வளரும். பெரும்பாலும் அதன் எல்லை தெளிவாக இருக்கும். அருகிலுள்ள திசுவைத் தள்ளுமேயன்றி அதனுள் ஊடுருவாது. மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா கட்டிகளுள் பெரும்பாலானவை இத்தகையவை. புற்றுநோய்க் கட்டியோ விரைந்து வளர்ந்து, நல்ல திசுவுக்குள் வேர்போல் ஊடுருவும். கிளியோபிளாஸ்டோமா இவ்வகையைச் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் பகுதி முழுவதையும் அகற்றினாலும் நுண்ணிய செல்கள் எஞ்சியிருக்கும். எனவே அறுவைச் சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சும் மருந்துகளும் தேவைப்படுகின்றன. நுரையீரல், மார்பகம் போன்ற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் உண்டு.

திசுப் பரிசோதனை அறிக்கையில் 1 முதல் 4 வரை ஓர் எண் காணப்படும். இது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள ‘தரம்’. தரம் 1 மெதுவாக வளர்வது. தரம் 4 மிக வேகமாக வளர்வது. நோய் உடலில் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் குறிக்கும் ‘நிலை’ வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி போன்றது. ஆகவே சாதாரணக் கட்டியும் மூளைத்தண்டையோ பார்வை நரம்பையோ அழுத்தினால் பெருந்தீங்கு விளையலாம். மாறாக, அறிகுறி எதுவும் தராத சிறிய மெனிஞ்சியோமாவை உடனே அகற்றாமல், குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே போதுமானதாக இருக்கலாம். அது அலட்சியமன்று, அதுவும் ஒரு சிகிச்சை முறையே. ‘சாதாரணக் கட்டிதானே’ என்று அடுத்த ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

வலிப்பு, ஓயாத வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, மயக்கநிலை, திடீர்ப் பார்வைக் குறைவு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வலிப்பு மருந்தையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது நான்கு கேள்விகளை எழுதி எடுத்து வாருங்கள்: கட்டியின் பெயர் என்ன? அதன் தரம் என்ன? அது எந்த இடத்தில் உள்ளது? முழுமையாக அகற்ற இயலுமா? இவற்றுக்கான விடைகளே அடுத்து என்ன செய்வது என்பதைத் தெளிவாக்கும்.