வயர் படத்துக்குள் ஒரு டிஎல்எல்

ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை. இத்தகைய ஆலைகளில் பல பாகங்கள், சோதனை நடக்கும் டெஸ்ட் பெஞ்சைத் தாண்டித்தான் லாரி ஏறும். உலகெங்கும் அத்தகைய பெஞ்சுகளை இயக்கப் பலர் நாடும் மென்பொருள் லேப்வியூ. நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986இல் முதலில் மெக்கின்டாஷுக்காக வெளியிட்டது. இதில் வரி வரியாக நிரல் எழுத வேண்டாம். கட்டங்களை வைத்து வயர் இழுத்தால் போதும். பொருந்தாத இரண்டை இணைத்தால் வயர் உடைந்து நிற்கும், நிரல் ஓடாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லையோர ஆலைக்குப் படமாகவே இருக்கும் நிரல் பெரிய வசதி என்பேன்.

ஆனால் ஸ்கூட்டர் பேட்டரியோடு கேன் (CAN) என்ற தகவல் தொடர்பு முறையில் பேசும் கருவியை வாங்கினால், அதோடு வருவது பெரும்பாலும் சி மொழியில் எழுதி கம்பைல் செய்த டிஎல்எல் கோப்பு, அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு. அதைப் படத்துக்குள் அழைக்க 'கால் லைப்ரரி ஃபங்ஷன் நோட்' இருக்கிறது. கோப்பு, ஃபங்ஷன் பெயர், ஒவ்வொரு உள்ளீட்டின் வகை எல்லாவற்றையும் நாமே நிரப்ப வேண்டும். சி மொழி டிஎல்எல்லுக்குள் அந்த வகை விவரங்கள் இருப்பதில்லை. நாம் சொன்னதை லேப்வியூ அப்படியே நம்புகிறது. உடைந்த வயர் தந்த காவல் இங்கே முடிந்துவிடுகிறது.

ஃபங்ஷன் 1000 அளவீடுகளை ஒரு வரிசையில் எழுதித் தரும் என்று வையுங்கள். ஒன்றுக்கு 8 பைட், மொத்தம் 8000. நாம் 100 இடமுள்ள வரிசையைக் கொடுத்தால் மீதி 7200 பைட் யாருடைய மெமரியிலோ போய் விழும். நிரல் அங்கேயே நின்றால் நல்ல காலம். பல சமயம் சம்பந்தமில்லாத வேறொரு இடத்தில், வெகு நேரம் கழித்து நின்றுபோகும். அதனால் 'இனிஷியலைஸ் அரே' கொண்டு 1000 இடத்தை முன்கூட்டியே ஒதுக்கியாக வேண்டும். நோடின் பிழைச் சோதனையை 'மேக்ஸிமம்' நிலையில் வைத்தே நிரலை உருவாக்குங்கள். வேகம் குறைந்தாலும் இத்தகைய மீறல்களைப் பிடித்துக் கொடுக்கும்.

நோட் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அது திரையைக் கவனிக்கும் யூஐ த்ரெட்டிலேயே ஓடுகிறது. கருவியின் பதிலுக்கு டிஎல்எல் காத்திருக்கும்வரை ஸ்டாப் பட்டன்கூட அசையாது. பல த்ரெட்களில் ஓடினாலும் பாதகமில்லை என்று தயாரிப்பாளர் உறுதி சொன்னால் மட்டும் 'எனி த்ரெட்' தேர்ந்தெடுக்கலாம், நோட் மஞ்சளாகும்.

64-பிட் லேப்வியூவில் 32-பிட் டிஎல்எல் ஏறாது. ஆகவே கருவி வாங்கும்போதே எந்த பிட் என்று கேளுங்கள். ஃபங்ஷன்களின் பெயரும் உள்ளீட்டு வகைகளும் எழுதியிருக்கும் ஹெடர் கோப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு இம்போர்ட் விசார்ட் நோட்களைத் தானே அமைத்துத் தரும். ஆனால் வரிசைக்கு எத்தனை இடம் வேண்டும் என்பது பெரும்பாலும் ஹெடரில் இருக்காது; அதற்குக் கையேட்டைத்தான் புரட்ட வேண்டும்.