வேர் உள்ளேதான் இருக்கிறது

சீப்பில் சிக்கிய முடியின் அடியில் வெள்ளையாக ஒரு சிறு முண்டு தெரிந்தால், "ஐயோ, வேரோடு வந்துவிட்டதே" என்று பதறாத வீடு குறைவு. அது வேர் அல்ல. வளர்ந்து முடிந்து ஓய்விலிருந்த முடியின் காய்ந்த அடிமுனை. வேர் என்று சொல்லத்தக்க மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு நாளில் 50 முதல் 100 முடிவரை இப்படி உதிர்வது இயல்பே.

அந்த மயிர்க்காலுக்குள் என்னதான் நடக்கிறது? அதன் அடி சின்ன வெங்காயம்போல் பருத்திருக்கும். நடுவே நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓடும் ஒரு திசுமொட்டு. அதைச் சூழ்ந்திருக்கும் செல்கள் ஏறத்தாழ நாளுக்கொரு முறை இரண்டாகப் பிரிகின்றன. கம்பளி மயிர்க்கால்களை ஆராய்ந்த ஆபர் என்ற ஆய்வாளர் 1952இல் ஓர் எல்லையைக் காட்டினார். மொட்டு மிக அகன்றிருக்கும் மட்டத்துக்குக் கீழேதான் செல்கள் பெருகுகின்றன. அதைத் தாண்டி ஏறியவை பெரும்பாலும் பிரிவதில்லை. பக்கவாட்டில் இடமில்லை, கீழிருந்து புதியவை நெருக்குகின்றன. மேலே போவதைத் தவிர அந்தச் செல்லுக்கு வேறு வழியில்லை.

போகும் வழியில்தான் அது முடியாக மாறுகிறது. உருண்டையாக இருந்தது இழுபட்டுக் கதிர்போல் நீள்கிறது. நிறமிச் செல்கள் மொட்டின் தலைப்பக்கம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, கடந்துபோகும் செல்களுக்குக் கருமையை ஊட்டுகின்றன. அவை ஓய்ந்துவிட்டால் நரை. பிறகு செல்லுக்குள் கெரட்டின் இழைகள் நிரம்புகின்றன, கந்தகப் பிணைப்புகள் அவற்றை இறுக்குகின்றன, செல் இறந்து கெட்டியாகிறது. இவ்வளவும் தோலுக்கு அடியிலேயே முடிந்துவிடும். தலைமுடி மாதம் 1 செ.மீ. வளர்கிறது என்றால், நாளுக்குச் சுமார் 0.33 மி.மீ. முதிர்ந்த செல்லின் நீளம் ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பதால், நாளொன்றுக்கு மூன்று நான்கு செல் நீளம்தான் முடி முன்னேறுகிறது.

முடிக்கு வடிவம் கொடுப்பது அதைச் சுற்றியுள்ள உள்ளுறை. முடி இன்னும் குழைவாக இருக்கும்போதே இந்த உறை இறுகிவிடுகிறது. முறுக்கு அச்சு போலத்தான், ஆனால் ஒரு வித்தியாசம்: இந்த அச்சு நிலையாக நிற்பதில்லை. முடியோடு சேர்ந்து தானும் மேலேறி, எண்ணெய்ச் சுரப்பி இருக்கும் மட்டத்தில் சிதைந்து, முடியைத் தனியே அனுப்பிவிடுகிறது. இவ்வளவு செல்களைச் செலவழித்து ஓர் அச்சைச் செய்து, வேலை முடிந்ததும் கரைத்துவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

கம்பளியும் இப்படி உருவாகும் முடிதான். மெரினோ ஆட்டின் கம்பளி இழையில் இரண்டு வகைச் செல்கள் ஆளுக்கொரு பக்கமாக அமைகின்றன. கம்பளியின் சுருளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மேய்ச்சல் வறண்டாலோ ஆடு நோயுற்றாலோ செல்பிரிவு குறைந்து, அந்த நாட்களில் உருவான இடம் மெலிந்துவிடும். இழுத்தால் இழை அங்கேதான் அறும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதையே ஒரு முறையாக்கினார்கள். ஒருவகைப் புரதத்தை ஊசியாகப் போட்டால் செல்பிரிவு சிறிது காலம் தடைபடும். வளர்ச்சி மீண்டதும் பலவீனமான இடம் மேலே வரும். கத்தரியே இல்லாமல் கம்பளி கழன்றுவிடும். 'பயோகிளிப்' என்ற பெயரில் அது சந்தைக்கும் வந்தது.

வெளியே தெரியும் முடி உயிரற்றது என்பதால், மொட்டை அடித்தால் அடர்த்தி கூடாது. வெட்டுப்பட்ட மழுங்கிய முனைதான் தடிப்பாகத் தெரிகிறது.

புற்றுநோய் மருந்துகள் பல, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. அதனால்தான் சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டுகிறது. ஆனால் மயிர்க்காலின் மேற்பகுதியில், ரோமத்தைச் சிலிர்க்க வைக்கும் தசை ஒட்டுமிடத்தில், அரிதாகவே பிரியும் மூலச்செல்கள் இருக்கின்றன. எலித்தோலில் அவற்றை 1990இல் கண்டறிந்தார்கள். மெதுவாக இயங்குவதாலேயே அவை மருந்துக்குப் பெரும்பாலும் தப்புகின்றன. பின்னர் அவற்றின் வழிவந்த செல்களிலிருந்து அடிக்குமிழ் மீண்டும் உருவாகிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது அந்தச் சிகிச்சையில் இருந்தால், பெரும்பாலானோருக்கு முடி திரும்ப வளர்கிறது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.